கைப்புள்ளைக்கு என்ன ஆச்சு?

சான் ஃப்ரான்சிஸ்கோ போனா முதல்ல என்ன பண்ணுவீங்க? கோல்டன் கேட் பாலத்துக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சு ஒரு போட்டோ எடுப்பீங்க. நாங்களும் எடுத்தோம் பாஸ்! என்ன, அன்னிக்குப் பனிமூட்டத்துல பாலமே தெரியலை. எங்க அப்பாவோட மங்கி கேப் மட்டும்தான் தெளிவா விழுந்திருக்கு.

ஆனா, நாங்க கிளம்பினது பாலம் பார்க்க இல்லை. பாலத்தைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்கு. அட்மிட் ஆகியிருந்த நோயாளியோட பேரு கைப்புள்ள. எடை சுமார் நூறு கிலோ. சொந்த ஊர் பசிபிக் பெருங்கடல்!

ஃப்ளாஷ்பேக் சொல்லிடறேன். 2025 மே மாசம், நாலாவது செமஸ்டர் எழுதி முடிச்ச கையோட அப்பா அம்மாவோட அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் மாமாவும் சன்னிவேல்ல இருக்காங்க. அந்த ஏரியாவுல தடுக்கி விழுந்தா ஒரு தமிழ் சாஃப்ட்வேர் என்ஜினீயர் மேலதான் விழணும். போன முதல் ஞாயித்துக்கிழமை ஹாஃப் மூன் பே பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பீச்சுன்னதும் மெரினா மாதிரி சுண்டல், மாங்காய் எல்லாம் கற்பனை பண்ணிடாதீங்க. பல்லு தந்தி அடிக்கிற குளிர்!

அங்கேதான் அதைப் பார்த்தோம். மணல்ல ஒரு கடற்சிங்கம். கழுத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. ‘நான்தான் இந்த ஏரியா’ங்கிற மாதிரி ஒரு போஸ். ‘‘டேய், கைப்புள்ளடா!’’ன்னார் மாமா. எல்லோரும் சிரிச்சோம். நான் செல்போன்ல வீடியோகூட எடுத்தேன். அந்த வீடியோவை இப்போ பார்க்க முடியலை. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

பத்து நிமிஷம் ஆச்சு, பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, அது நிறுத்தவே இல்லை. வாயோரம் நுரை. முதல்ல சிரிப்பை நிறுத்தினது அம்மாதான். ‘‘அதுக்கு உடம்பு சரியில்லைங்க. ராத்திரியெல்லாம் காய்ச்சல்ல கிடந்த புள்ள மாதிரி இருக்கு.’’ உடனே அப்பா, குட்டியோட மணல் விளையாடுற பக்கெட்டை எடுத்துக்கிட்டுக் கடலை நோக்கி நடந்தார். கடல் ஜீவன் கரையில கிடந்தா தண்ணி ஊத்தணும்ங்கிறது அவர் கணக்கு. மாமா ஓடிப் போய் நிறுத்தினார். அங்கே இருந்த போர்டுல ஒரு நம்பர். போன் பண்ணினா அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல் நிதானமா சொல்லுது: ‘தண்ணி ஊத்தாதீங்க, தொடாதீங்க, கடலுக்குள்ள தள்ளிவிடாதீங்க. ஐம்பது கெஜம் தள்ளி நில்லுங்க. நாய் யாராவது கூட்டிட்டு வந்தா பக்கத்துல விடாதீங்க. நாங்க வர்றோம்.’

நம்ம ஊர்ல மாதிரி நாமளே தூக்கிட்டு ஓடிட முடியாது. 1972-ல வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சீல், கடற்சிங்கம், திமிங்கலம் எதையும் தொந்தரவு பண்றது அங்கே குற்றம். தவிர இதெல்லாம் நீந்தறதுக்கு நடுவுல கரையேறி ஓய்வெடுக்கிற ஜீவன்கள். மீன் மாதிரி மூச்சுத் திணறிக் கிடக்கறது இல்லை. களைச்சுப் போய்க் கரையேறினதைத் திரும்பக் கடல்ல தள்ளினா, நாமளே சாகடிச்ச மாதிரி.

அப்பா ஒண்ணரை மணி நேரம் வாட்ச்மேன் வேலை பார்த்தார். லாப்ரடார் நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரரை, தனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் வார்த்தையால நிறுத்தினார்: ‘‘ஸ்டாப்!’’ அப்புறம் வேன்ல மூணு பேர் வந்தாங்க. மூணு பேருமே வாலன்டியர்ஸ். கையில பெரிய வலை, கேடயம் மாதிரி பலகைகள், ஒரு கூண்டு. சத்தமே இல்லாம சுத்தி வளைச்சு, பலகையால ஒதுக்கி ஒதுக்கி அஞ்சே நிமிஷத்துல கூண்டுக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. ‘நீங்கதான் போன் பண்ணினீங்க, ஒரு பேர் சொல்லுங்களேன்’னு கேட்டப்ப, மாமா யோசிக்கவே இல்லை. அந்த அம்மா எழுத்துக் கூட்டி எழுதிக்கிட்டு, ‘‘கைபூலா... நைஸ். ஆனா இது பொண்ணு’’ன்னாங்க.

அடுத்த ஒரு வாரம் வீட்டுல வேற பேச்சே இல்லை. அக்கா பொண்ணுக்கு நாலரை வயசு. காலையில எந்திரிச்சதும் ‘‘கைப்புள்ள பால் குடிச்சாளா?’’ன்னுதான் கேப்பா. மாமா பார்த்தார். அந்த ஆஸ்பத்திரியில திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்க் காட்டற டூர் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும், ஆறு பேருக்கும் புக் பண்ணிட்டார்.

பாலம் தாண்டினதும் மலைக்குள்ள ஒரு சுரங்கப் பாதை. ஒரு நேரத்துல ஒரு பக்க வண்டிதான் போகலாம். சிவப்பு விழுந்தா அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். அதைத் தாண்டினா வேற உலகம். மரமே இல்லாத பச்சை மலைகள், கீழே கடல். மரின் ஹெட்லேண்ட்ஸ்னு பேரு. 1950-கள்ல சோவியத் குண்டுவீச்சு விமானம் வந்தா சுட்டு வீழ்த்தறதுக்காக நைக்கி ஏவுகணைகளை வெச்சிருந்த இடம் இது. (ஷூ கம்பெனி இல்லை மக்களே, இது அதுக்கு முந்தின நைக்கி!) பக்கத்துல ஒரு தளத்தை அப்படியே மியூசியமா வெச்சிருக்காங்க. இன்னொரு தளத்துல 1975-ல மூணு பேர் சேர்ந்து, குழந்தைங்க விளையாடற பிளாஸ்டிக் குளியல் தொட்டிகளை வெச்சுக்கிட்டு, அடிபட்ட சீல்களைக் கவனிக்க ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னிக்கு ‘மெரைன் மாமல் சென்டர்’. இதுவரைக்கும் இருபதாயிரத்துக்கும் மேல ஜீவன்களைக் கரையிலேர்ந்து மீட்டிருக்காங்க. கலிஃபோர்னியாவோட அறுநூறு மைல் கடற்கரை இவங்க பொறுப்பு. வேலை செய்யறவங்கள்ல ஆயிரத்துக்கும் மேல சம்பளம் வாங்காத வாலன்டியர்ஸ்.

எங்களுக்கு வழிகாட்டியா வந்தவங்களும் அப்படித்தான். ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். டீச்சர்னு தெரிஞ்சதும் நான் தானா கடைசி வரிசைக்குப் போயிட்டேன்.

முதல்ல மீன் கிச்சன். நாத்தம் சும்மா குப்புனு அடிக்குது! எங்க அம்மா மட்டும் ரொம்ப நாள் கழிச்சுச் சொந்த ஊர் வாசனை வந்த மாதிரி மூச்சை இழுத்தாங்க. காசிமேட்டுல மீன் வாங்கிப் பழகினவங்க ஆச்சே. பெட்டி பெட்டியா ஹெர்ரிங். நம்ம மத்தி மீனோட பங்காளி. அதுல பாதி, ராட்சச மிக்ஸியில அரைபடுது. மீன், தண்ணி, மீன் எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு மில்க் ஷேக். தானா சாப்பிடத் தெரியாத குட்டிகளுக்கு அதை டியூப் வழியா வயித்துக்குள்ள இறக்கறாங்க. எங்க ஹாஸ்டல் சாம்பார் ஞாபகம் வந்துச்சு. பதம் கிட்டத்தட்ட அதேதான்.

மேல் தளத்துலேர்ந்து பார்த்தா, கீழே வரிசையா கம்பி வேலி போட்ட தொட்டிகள். மேல நிழலுக்குப் போட்டிருக்கிற கூரையே சோலார் பேனல். தொட்டித் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்ப ஓட விடற பைப் லைனையும் பம்ப்பையும் பார்த்து நான் வாயைப் பொளந்துட்டேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஜஸ்ட் பாஸ் ஆனவனுக்கே அப்படின்னா பார்த்துக்கோங்க.

மே மாசம் குட்டிகள் சீஸன். பெரும்பாலும் யானை சீல் குட்டிகள். இந்த யானை சீல் கதை பெரிய கதைங்க. எண்ணெய்க்காக வேட்டையாடி வேட்டையாடி, 1800-களோட கடைசியில உலகத்துலயே நூறு, அதுக்கும் கீழேன்னு ஆயிடுச்சு. அதுவும் மெக்ஸிகோவோட ஒரே ஒரு தீவுல. 1922-ல மெக்ஸிகோ அரசாங்கம் சட்டம் போட்டுக் காப்பாத்த ஆரம்பிச்சு, இன்னிக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. அம்மா சீல் குட்டிக்குப் பால் குடுக்கறது நாலே வாரம். அதுல பாதிக்கும் மேல கொழுப்பு. முப்பத்தஞ்சு கிலோ குட்டி நூத்தி முப்பது கிலோ உருளை ஆனதும், அம்மா ஒருநாள் திரும்பிப் பார்க்காம கடலுக்குள்ள போயிடுது. நீச்சல், வேட்டை எல்லாம் குட்டி தானா கத்துக்கணும். கத்துக்க முடியாததுங்கதான் எலும்பும் தோலுமா இங்கே வருது.

இங்கே அதுங்களுக்கு ‘மீன் ஸ்கூல்’ நடக்குது, நிஜமாத்தான்! கயித்துல ஒரு மீனைக் கட்டித் தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போறாங்க. குட்டி துரத்திப் பிடிச்சு முழுங்கினா பாஸ். நாங்க பார்த்தப்ப ஒரு குட்டி மீனை வாயில வெச்சு, துப்பி, திரும்ப வெச்சு, திரும்பத் துப்பி... நாலு தடவை அரியர்.

எல்லோரும் ரசிச்சுக்கிட்டு இருந்தப்ப அம்மா மட்டும் ஒண்ணு கவனிச்சாங்க. உள்ளே இருந்த ரெண்டு பொண்ணுங்களும் ஒரு வார்த்தை பேசலை. குட்டியோட முகத்தைப் பார்க்கலை. ஊட்டினாங்க, பலகையால தள்ளினாங்க, தொட்டியைக் கழுவினாங்க, போயிட்டாங்க.

‘‘பச்சைப் புள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை கொஞ்சிப் பேசாம, எப்படிங்க தேத்துவீங்க? கேளுங்க மாப்பிள்ளை’’ன்னாங்க. மாமா கேட்டார்.

டீச்சரம்மா சிரிக்கலை. மனுஷன்னா மீன்னு ஒரு தடவை பழகிட்டா, வெளியே போனதும் அது படகைத் தேடிப் போகும், தூண்டில் போடறவன்கிட்ட போகும். வலையைக் கடிச்சா அவனுக்கு நஷ்டம். துப்பாக்கியால சுடப்பட்ட கடற்சிங்கங்கள் இங்கே வருஷா வருஷம் வருது. ‘‘எங்களுக்கும் கொஞ்சணும்னு ஆசைதான். வீட்டுக்குப் போய் நாயைக் கொஞ்சிக்கிறோம்’’னாங்க. அம்மா பதில் பேசலை. ஆனா சமாதானம் ஆகலைன்னு முகத்துல தெரிஞ்சது.

அப்புறம்தான் குட்டி கேட்டா, ‘‘கைப்புள்ள எந்த ரூம்?’’

மாமா பேரைச் சொன்னதும் அவங்க உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. திரும்பி வந்த நடையிலேயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ரிசல்ட் பார்த்துட்டு வர்ற ஃப்ரெண்டோட நடை இருக்கே, அது. பெரியவங்களை மட்டும் ஓரமா கூப்பிட்டாங்க.

கைப்புள்ள வந்த அன்னிக்கே வலிப்பு. மருந்து குடுத்து நிறுத்தினா, மறுநாள் திரும்ப வலிப்பு. சாப்பிட மாட்டேன்னுட்டா. சுவத்துல போய் முட்டிக்கிட்டே இருந்தா. நாலாவது நாள், இனிமே கஷ்டப்படுத்த வேண்டாம்னு டாக்டர்கள் முடிவு பண்ணி, வலி தெரியாம தூங்க வெச்சுட்டாங்க.

காரணம், டொமோயிக் அமிலம். கடல்ல சூடோ நிட்ஷியான்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. அது திடீர்னு பெருகறப்ப இந்த விஷத்தைத் தயாரிக்குது. பாசியை நெத்திலியும் மத்தியும் தின்னும். அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மீனைத் தின்ற கடற்சிங்கத்துக்கு விஷம் நேரா மூளைக்குப் போகும். ஞாபகத்துக்கும் வழி கண்டுபிடிக்கறதுக்கும் உதவற ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியைச் சுருக்கிடும். எந்தக் கரை, எங்கே மீன் கிடைக்கும், எல்லாம் மறந்துடும். கைப்புள்ள தலையைத் தூக்கி ஆட்டினாளே... அது போஸ் இல்லை. நோயோட அறிகுறி.

நான் வீடியோ எடுத்துக்கிட்டே சிரிச்சிருக்கேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘‘நாங்க சிரிச்சுக்கிட்டு நின்ன பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே போன் பண்ணியிருந்தா பொழைச்சிருக்குமா?’’ மாமா அதை இங்கிலீஷ்ல சொல்றப்பவே அவருக்குக் குரல் கம்மிடுச்சு. டீச்சரம்மா இல்லைன்னாங்க. மூளையில இருந்த தழும்பு புதுசு இல்லையாம். எப்பவோ தின்ன விஷம். புதுசா விஷம் ஏறினதுங்களை டிரிப்ஸ் ஏத்தி, வலிப்புக்கு மருந்து குடுத்துத் தேத்திடலாம். நிறைய பிழைச்சுக் கடலுக்கே திரும்பிப் போகுது. பழைய தழும்புக்கு மருந்து இல்லை. 2020 அக்டோபர்ல இதே மாதிரி வலிப்பு வந்த ஒரு கடற்சிங்கத்தோட மூளையில, பன்றிக் கருவோட நரம்பு செல்களை வெச்சு ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்காங்க. அந்த அளவுக்கு முட்டி மோதிக்கிட்டு இருக்காங்க.

‘‘மூளைத் தழும்பு எப்படித் தெரிஞ்சது?’’ன்னு கேட்டேன். கையைக் காட்டினாங்க. ஒரு கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் எஃகு மேஜை, விளக்கு, குழாய். போஸ்ட்மார்ட்டம் ரூம். இங்கே செத்துப் போற ஒவ்வொண்ணையும் அறுத்துப் பார்க்காம விடறதில்லை. அன்னிக்கு மேஜை காலியா, கழுவித் துடைச்சு இருந்துச்சு.

கடற்சிங்கங்களுக்கு வர்றது இந்த விஷம்தான்னு முதன்முதலா 1998-ல கண்டுபிடிச்சதே இந்த ஆஸ்பத்திரிக்காரங்கதான். இங்கே சாகிற வளர்ந்த கடற்சிங்கங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுக்குப் புற்றுநோய் இருக்குன்னும், அதுக்கு ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸும் கடல்ல கலந்த பழைய டி.டி.டி. மாதிரி ரசாயனங்களும் கூட்டாளின்னும் தெரிஞ்சதும் இப்படித்தான். 2008-ல வடக்கு கலிஃபோர்னியாவுல ஒதுங்கின ரெண்டு ஸ்பெர்ம் திமிங்கலங்களோட வயித்துல 134 வகை மீன் வலைத் துண்டுகள் இருந்துச்சு. அறுத்துப் பார்க்கலைன்னா, ‘வயசாயிடுச்சு, செத்துப் போச்சு’ன்னு போயிருப்பாங்க.

இதே விஷம் மனுஷனையும் விடாது. 1987-ல கனடாவுல சிப்பி சாப்பிட்ட நூறு பேருக்கு மேல படுத்தாங்க. சிலர் செத்தாங்க, சிலருக்கு ஞாபகமே போச்சு. 2015 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல நண்டு சீஸனைப் பல மாசம் தள்ளி வெச்சதும் இதுக்காகத்தான். ஹிட்ச்காக் பட ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு: 1961 ஆகஸ்ட்ல இந்தக் கடலோரத்துல கடல் பறவைகள் பித்துப் பிடிச்ச மாதிரி வீடுகள் மேல வந்து மோதிச்சு. அந்தச் செய்தியை அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். 1963-ல ‘தி பேர்ட்ஸ்’ வந்துச்சு. பல வருஷம் கழிச்சு, அந்தக் காலத்துல எடுத்து வெச்சிருந்த கடல் மாதிரிகளைச் சோதிச்சா, இதே பாசி!

அந்த எஃகு மேஜையைப் பார்த்துக்கிட்டு நின்னப்ப, எனக்கு நம்ம நீலாங்கரை மணல் ஞாபகம் வந்துச்சு. 2025 ஜனவரியில எங்க கிளாஸ் பசங்க ஒன்பது பேர் ஆமை நடைக்குப் போயிருந்தோம். 1988-லேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நடத்தறாங்களே, நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி முழுக்க... அதுதான். ஆமை முட்டை போடறதைப் பார்க்கணும்னு போன எங்களுக்குக் கிடைச்சதெல்லாம் செத்த ஆமைகள். கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி. ஒவ்வொண்ணையும் டேப் வெச்சு அளந்து நோட்டுல குறிச்சுக்கிட்டே வந்தாங்க. ‘செத்ததை எதுக்கு அளக்கறீங்க?’ன்னு நான் தூக்கக் கலக்கத்துல கேட்டேன். அந்த மாசம் மட்டும் சென்னைக் கடலோரத்துல ஆயிரத்துக்கும் மேல ஒதுங்குச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ணினப்பதான், மூச்சு முட்டிச் செத்திருக்குன்னு தெரிஞ்சது. ஆமை மூச்சுவிட மேல வந்தாகணும். விசைப்படகோட இழுவை வலையில மாட்டினா எப்படி வரும்? வலைக்கு நடுவுல ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வா வெச்சு, மேல ஒரு திறப்பு விட்டா போதும். மீன் உள்ளே போயிடும், ஆமை வெளியே வந்துடும். எங்க டிபார்ட்மென்ட் வொர்க்ஷாப்ல ஒரு நாள்ல வெல்டிங் அடிக்கிற சமாச்சாரம். ஆனா கூடவே கொஞ்சம் மீனும் தப்பிச்சுடும்ங்கிறது மீனவர்களோட கவலை. டீசல் விலைக்குப் பயந்து கடலுக்குப் போறவங்களை, லீவுக்கு அமெரிக்கா போன நான் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?

ஜன்னல்கிட்ட குட்டி வந்து என் விரலைப் பிடிச்சா. ‘‘கைப்புள்ள எங்கே மாமா?’’

அக்கா அவசரமா குனிஞ்சு, ‘‘அவ வீட்டுக்குப் போயிட்டாடா செல்லம், கடலுக்கு...’’ன்னு ஆரம்பிச்சா. அம்மா அவ தோளைத் தொட்டு நிறுத்தினாங்க. கீழே உட்கார்ந்துக்கிட்டாங்க. முழங்கால் வலிக்காரங்க, கீழேயே உட்கார மாட்டாங்க.

‘‘செத்துப் போச்சுடா கண்ணு. தலைக்குள்ள விஷம் ஏறிடுச்சு. டாக்டருங்க நாலு நாள் பார்த்தாங்க, முடியலை.’’

குட்டி கொஞ்ச நேரம் யோசிச்சா. ‘‘வலிச்சுதா?’’

‘‘முதல்ல வலிச்சுது. அப்புறம் இல்லை.’’

தமிழ் தெரியாத டீச்சரம்மா அங்கேயேதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அம்மா எந்திரிக்கக் கை குடுத்தாங்க. அதுக்கப்புறம் டூர்ல என்ன காட்டினாங்கன்னு எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லை. வெளியே வர்றப்ப, நாலு தடவை அரியர் வெச்ச யானை சீல் இருந்த தொட்டிப் பக்கம் அம்மா போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. கொஞ்சலை, கையாட்டலை. தள்ளியே நின்னு பார்த்தாங்க.

கீழே ரோடியோ பீச்சுல உட்கார்ந்து, அக்கா கட்டிட்டு வந்த லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். காத்துல பாதி சாதம் பறந்துச்சு. அப்பா சாப்பிடாம போனை நோண்டிக்கிட்டு இருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரி நம்பரை சேவ் பண்ணிக்கிட்டு இருக்கார்.

‘‘எதுக்குப்பா? அடுத்த வாரம் ஊருக்குப் போறோம்.’’

‘‘இருக்கட்டும்டா.’’

இப்பவும் அவர் போன்ல இருக்கு. கேஸ் ஏஜென்ஸி நம்பருக்கு மேலே, ‘கடல் ஆஸ்பத்திரி’ன்னு.